ஆயில் என்ஜின் மிஸ் அடிக்கிறதா? பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைமடைப் பகுதிகளில் வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடும். வயலோ அதைவிட மேட்டில் இருக்கும். தண்ணீரை ஏற்றி விட ஆயில் என்ஜினைத் தவிர வேறு வழியில்லை. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் கிணற்றுப் பாசன விவசாயிகளுக்கும் அதே கதிதான். நட்ட பயிர் வேர் பிடிக்கும் சமயத்திலோ, கதிர் பால் பிடிக்கும் சமயத்திலோ நாலு நாள் இறைப்பு நின்று போனால் அந்தப் போகத்தின் கணக்கே மாறிவிடும். அப்படிப்பட்ட நாளில்தான், ஒரே சீராக அடித்துக் கொண்டிருந்த என்ஜின் நடுநடுவே ஓர் அடியை விழுங்கத் தொடங்கும். அஸ்திவாரமே அதிரும்படி நடுங்கும். சுமையில்லாமல் மெதுவாக ஓடவிட்டால் நின்றுவிடும்.

உடனே டவுனிலிருந்து மெக்கானிக் வருகிறார். வந்ததும் பியூயல் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிச் சாக்கில் கட்டிப் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார். இரண்டு நாள் கழித்து, கணிசமான செலவோடு அவை திரும்பி வருகின்றன. மாட்டி ஓட்டினால் அரை மணி நேரம் நன்றாக ஓடி, மறுபடியும் அதே மிஸ். கடைசியில் பார்த்தால், டீசல் தொட்டி மூடி தொலைந்து போனதால் வாயில் பாலிதீன் காகிதத்தை வைத்து இறுக்கிக் கட்டியதுதான் காரணமாக இருக்கும். காற்று உள்ளே போக வழியில்லாமல் தொட்டியிலிருந்து டீசல் இறங்கவில்லை. இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. பம்பு செட் வைத்திருக்கும் கிராமங்களில் அடிக்கடி நடப்பதுதான்.

மிஸ் அடிக்கும் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பது கடைசி வேலை. காதால் கேட்டும், புகையைப் பார்த்தும், கையால் சுற்றியும் விவசாயியே பெரும்பாலான கோளாறுகளைக் கண்டுகொள்ள முடியும். ஆனால் வரிசை தவறாமல் பார்க்க வேண்டும்.

மிஸ் வேறு, ஏறி இறங்குவது வேறு

தமிழகத்து வயல்களில் இரண்டு வகை டீசல் என்ஜின்களைப் பார்க்கலாம். ஒன்று, பெரிய சக்கரங்களுடன் நிமிஷத்துக்கு 650 சுற்று அளவில் மெதுவாக ஓடும் லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் 1930-ஐ ஒட்டி வெளிவந்த இந்த அமைப்பை குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பின்னாளில் ஏராளமாகச் செய்து நாடெங்கும் அனுப்பின. மற்றது, நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும், கனம் குறைந்த வகை. இரண்டிலும் சக்கரம் இரண்டு முறை சுற்றினால் டீசல் ஒரு முறை எரிகிறது. மெதுவாக ஓடும் என்ஜினில் இது நிமிஷத்துக்கு 325 முறை. அதாவது விநாடிக்கு ஐந்து அடிக்குச் சற்று மேல். ஓர் அடி தவறினால் காது உடனே பிடித்துக்கொள்ளும். வேக என்ஜினில் விநாடிக்குப் பன்னிரண்டு அடி என்பதால் எண்ண முடியாது. ஆனாலும் சத்தத்தில் ஓர் ஓட்டை விழுந்தது போல் தெரியும். சைலன்சரிலிருந்து வரும் புகையும் வெட்டி வெட்டி வரும்.

சத்தம் அறுபடாமல், வேகம் மட்டும் ஊஞ்சல் போல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் அது மிஸ் அல்ல, கவர்னர் சம்பந்தப்பட்டது. வேகம் கூடினால் டீசலைக் குறைத்தும், வேகம் குறைந்தால் டீசலைக் கூட்டியும் கொடுப்பது கவர்னரின் வேலை. அதன் இணைப்புக் கம்பிகளில் புழுதியும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகியிருந்தால், தேவைப்படும்போது நகராமல் நின்று, பிறகு ஒரேயடியாக நகரும். என்ஜினை நிறுத்திவிட்டு, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். எங்கும் தடுக்காமல் நகர்ந்து திரும்ப வேண்டும். பல சமயம் டீசல் தொட்டுத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலே போதும். ஸ்பிரிங்கை நீட்டுவதோ வெட்டுவதோ கூடாது. அப்படிச் செய்த என்ஜின் கட்டுக்கு அடங்காத வேகத்தில் ஓடிச் சக்கரமே தெறிக்கக்கூடும்.

கோளாறு என்ஜினில்தானா?

இதைக் கேட்காமலே பலர் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். கோடையில் கிணற்றில் நீர் இறங்கி, புட் வால்வு தண்ணீர் மட்டத்தை ஒட்டி வந்துவிட்டால் பம்பு தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று வரும் கணத்தில் சுமை குறைந்து என்ஜின் துள்ளும். தண்ணீர் வந்ததும் முக்கும். கேட்பவருக்கு என்ஜின் கெட்டுவிட்டது போலவே தோன்றும். உறிஞ்சு குழாயின் பிளேஞ்சு வாஷர் கிழிந்து காற்று இழுத்தாலும் இதே கதைதான். எனவே முதலில், தண்ணீர் விழும் வாயைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே கனமாக விழும்போதும் என்ஜின் விட்டு விட்டு அடித்தால்தான் குற்றம் என்ஜினுடையது. தண்ணீர் துப்பித் துப்பி விழுந்தால் கிணற்றுப் பக்கம் போக வேண்டும்.

பெல்ட்டில் ஓடும் பம்பானால் சோதனை இன்னும் சுலபம். என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். தளர்ந்த பெல்ட் வழுக்கினாலும் என்ஜின் நடுங்குவதுண்டு. பெல்ட்டையும் சக்கரத்தையும் ஓடும்போது தொடவே கூடாது என்பதைச் சொல்லித்தான் தீர வேண்டும். தோளில் துண்டோடும் தொங்கும் வேட்டி முனையோடும் என்ஜின் பக்கம் குனிந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

அடுத்த கேள்வி, எப்போது மிஸ் அடிக்கிறது என்பது. பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். சும்மா ஓடும்போது நன்றாக ஓடி, பம்பு தண்ணீர் எடுத்ததும் மூச்சு வாங்கினால் டீசல் போதவில்லை என்று பொருள். பில்டர், குழாய், தொட்டி மூடி இவற்றைப் பார்க்க வேண்டும். சுமையில் நன்றாக அடித்து, சும்மா ஓடும்போது மட்டும் நடுங்கினால் நாசில் தேய்ந்திருக்கலாம், அல்லது சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கலாம். சும்மா ஓடும்போது நாசில் தெளிக்க வேண்டிய டீசல் மிகக் கொஞ்சம். தேய்ந்த நாசிலால் அந்தக் கொஞ்சத்தைப் பொடியாகத் தெளிக்க முடிவதில்லை. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கில்லாமல் மிஸ் அடித்தால் டீசலில் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது.

டீசல் வரும் வழி

5 குதிரைச் சக்தி என்ஜின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கும். 1500 சுற்று ஓடும் என்ஜினில் அந்த 1 லிட்டரை 45,000 பங்காகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தெளிக்க வேண்டும். குழாயிலிருந்து சொட்டும் ஒரு நீர்த்துளியில் பாதிகூட இல்லை ஒரு பங்கு. அவ்வளவு சிறிய பங்கில் ஒரு காற்றுக் குமிழியோ தண்ணீர்த் துளியோ புகுந்தால் அந்த அடி தவறாமல் என்ன செய்யும்?

தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் மண் அடைத்திருந்தால் டீசல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, இருபது முப்பது நிமிஷத்தில் என்ஜின் திணறும். நிறுத்தி வைத்துச் சற்று நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடி ஓடும். இந்த அடையாளம் கண்டால் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் போதும். காலணாச் செலவில்லை.

பிறகு டீசலைச் சோதிக்க வேண்டும். பில்டரின் அடியிலிருந்தோ தொட்டியின் அடியிலிருந்தோ கொஞ்சம் டீசலைத் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். டீசல் கலங்கலாகத் தெரிந்தாலும் அதில் தண்ணீர் இருப்பதாகவே கொள்ள வேண்டும். தண்ணீர் எப்படி வருகிறது என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். பங்க்கின் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் வீட்டிலேயே சேர்வதுதான். பீப்பாயை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருந்தால் மழை நீர் அதன் மேல்தட்டில் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் திருகு வழியே அந்த நீரைப் பீப்பாய் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பீப்பாயைக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் நீர் தேங்காதபடி சாய்த்து வைக்க வேண்டும். டீசல் வந்த அன்றே எடுக்காமல் ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் நாலு விரல் விட்டு எடுப்பது நல்லது. பாதி காலியான என்ஜின் தொட்டியிலும் இரவுப் பனியில் நீர் கோக்கும். எனவே மாலையில் வேலை முடிந்ததுமே தொட்டியை நிரப்பி வைக்கும் வழக்கம் சிறந்தது. ஊற்றும் புனலில் நெருக்கமான வலை இருக்க வேண்டும். பனியன் வேஸ்ட் துணியைப் புனலில் அடைத்து வடிகட்டுகிறார்கள். அதன் நூல் பிசிறே பின்னால் பில்டரை அடைக்கும்.

அடுத்தது பில்டர். என்ஜினை நிறுத்திவிட்டு, பம்புக்கு டீசல் வரும் குழாயின் நட்டைக் கழற்றி, தொட்டிக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். தொட்டி உயரத்தில் இருக்கும் என்ஜினில் டீசல் தங்கு தடையின்றி ஓட வேண்டும். சொட்டினால் அடைப்பு இருக்கிறது. பில்டருக்கு முன்னாலும் இதேபோல் கழற்றிப் பார்த்தால், அடைப்பு பில்டரிலா அதற்கு முன்பா என்று தெரிந்துவிடும். காகித பில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது தவறான சிக்கனம். கழுவும்போது நுண்ணிய துளைகள் கிழிந்து, மண் நேராகப் பம்புக்குப் போகும். பம்பின் உள்ளே ஓடும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான்தான். தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். ஒரு புதுப் பில்டரின் விலையை மிச்சம் பிடித்தவர் ஒரு பம்பின் விலையை இழப்பார்.

காற்று புகுந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். தொட்டி வற்றும்வரை ஓட்டினாலோ பில்டரை மாற்றினாலோ காற்று கட்டாயம் புகும். தொட்டியை நிரப்பிக் குழாயைத் திறந்துவிட்டு, முதலில் பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்து, பின் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அதேபோல் பம்பிலுள்ள திருகு. கடைசியாக, இன்ஜெக்டரில் சேரும் இரும்புக் குழாயின் நட்டை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, ஹாண்டிலால் சுற்ற வேண்டும். குமிழியில்லாமல் டீசல் வந்த பிறகு இறுக்கி, மறுபடியும் சுற்றினால் இன்ஜெக்டர் 'கிர்க்' என்று முனகும் சத்தம் ஒழுங்கான இடைவெளியில் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் டீசல் உள்ளே போகிறது என்று நிச்சயம். டீசல் தொட்டி என்ஜினைவிடக் கீழே இருந்து, சிறு பம்பு மூலம் மேலே ஏறும் அமைப்பானால், குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். கசிவு கண்ணுக்குத் தெரியாததால் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. வெயிலில் காய்ந்து விறைத்த பிளாஸ்டிக் குழாய்களை யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

ஹாண்டில் பிடிக்கும்போது கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். மிஸ் அடிக்கும் என்ஜின் பின்னோக்கி உதைக்கக்கூடியது.

புகையின் நிறம்

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போலத் தீப்பொறி கிடையாது. உறிஞ்சிய காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அமுக்குவதில் 500 டிகிரிக்கு மேல் உஷ்ணம் உண்டாகிறது; அதில் தெளிக்கும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. உஷ்ணமோ தெளிப்போ குறைந்தால் புகை காட்டிக்கொடுக்கும்.

காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் வெள்ளையாகவே, கண் எரியும் நெடியோடு வந்தால் டீசல் எரியாமல் போகிறது. காரணம் அழுத்தக் குறைவு, டீசலில் தண்ணீர், அல்லது என்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருப்பது. இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பம்புத் தண்ணீரையே கிளைக் குழாயில் எடுத்து என்ஜினைக் குளிர்விப்பவர்கள் அதை முழுதும் திறந்துவிட்டு, என்ஜின் 'ஜில்' என்று இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அது என்ஜினுக்கு நல்லதல்ல. வெளியேறும் தண்ணீர் கையைச் சில விநாடிகளுக்கு மேல் காட்ட முடியாத சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த என்ஜின் மிஸ் அடிக்கும். சிலிண்டரும் சீக்கிரம் தேயும்.

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம், அல்லது நாசில் தெளிக்காமல் ஒழுகுகிறது. முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையானால் அதில் குறியளவுக்கு மட்டும் எண்ணெய் இருக்க வேண்டும். களத்துமேட்டுத் தூசியில் ஓடும் என்ஜினில் அந்த எண்ணெய் சில நாட்களிலேயே சேறாகிவிடும். நிறைய ஊற்றினால் நல்லது என்று குறிக்கு மேல் ஊற்றுவது ஆபத்து. என்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரித்து, டீசலை மூடினாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

நீலப் புகை என்றால் கிராங்க் அறை எண்ணெய் மேலே ஏறி எரிகிறது, ரிங்கு தேய்ந்திருக்கும். இது ஒரே நாளில் வருவதல்ல, ஒரே நாளில் தீர்வதுமல்ல. அறுவடை முடிந்து சாவகாசமாகப் பார்க்கலாம்.

கையால் அழுத்தம் பார்ப்பது

டீசலை மூடி, நிறுத்தும் லீவரை நிறுத்திய நிலையிலேயே வைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வால்வைத் தூக்கிப் பிடிக்கும் டீகம்ப்ரஷன் லீவர் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஓரிடத்தில் சக்கரம் கனத்து, ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்பு வலுவாக இருந்தால் அழுத்தம் நன்றாக இருக்கிறது. 'புஸ்' என்று இளகிவிட்டால் காற்று எங்கோ போகிறது. எங்கே என்பதைக் காது சொல்லும். ஏர் கிளீனரில் சீறல் கேட்டால் உள்வாங்கும் வால்வு. சைலன்சரில் கேட்டால் புகை வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கு. குளிர்விக்கும் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

வால்வு என்று தெரிந்ததும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போயிருந்தாலும் வால்வு முழுதாக மூடாது. என்ஜினோடு கொடுத்த புத்தகத்தில் இந்த அளவு இருக்கும். அதன்படி பீலர் கேஜ் தகடு வைத்துச் சரி செய்ய வேண்டும். பிளேடு வைத்தோ அட்டை வைத்தோ சரிசெய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்று நடுவது போலத்தான். புத்தகம் தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் கேட்டு அளவை என்ஜின் ஷெட் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

இன்ஜெக்டரில் கவனம்

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்து, மிஸ்ஸோடு 'டக் டக்' என்று சுத்தியல் அடிப்பது போன்ற சத்தமும் கறுப்புப் புகையும் இருந்தால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டியதுதான். அதைப் பட்டறையின் டெஸ்ட் கருவியில்தான் செய்ய வேண்டும். கழற்றிய இன்ஜெக்டரை வெளியே மாட்டி, ஹாண்டில் சுற்றிப் பூப்போலத் தெளிக்கிறதா என்று பார்ப்பது வயல்வெளியில் சகஜம். தெளிப்புக்கு முன்னால் கையை நீட்டிக் காட்டுபவர்களும் உண்டு. இது மிகப் பெரிய தவறு. டீசல் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வருகிறது. மோட்டார் சைக்கிள் டயரின் காற்றைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிச் சதை அழுகத் தொடங்கும். அப்படிக் குத்திவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமதித்தவர்கள் விரலை இழக்க நேரிடும்.

இன்ஜெக்டரை மறுபடி மாட்டும்போது இன்னொரு பிழை நேர்கிறது. அடியிலுள்ள பழைய செப்பு வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் புதிய வாஷரை அதன் மேலே போடுவார்கள். நாசில் முனை மேலே தூக்கிக்கொண்டு, தெளிப்பு சேர வேண்டிய இடத்தில் சேராது. பட்டறையிலிருந்து புதிதாக வந்த இன்ஜெக்டரும் மிஸ் அடிக்கும்.

டிராக்டரில் மூன்று நான்கு சிலிண்டர் இருப்பதால், எது மிஸ் அடிக்கிறது என்று காண, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாய் நட்டையும் சற்றே தளர்த்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய முறை. எந்தக் குழாயைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இது பழைய வகைப் பம்பு உள்ள டிராக்டருக்கு மட்டுமே பொருந்தும். காமன் ரெயில் எனப்படும் புதிய வகை என்ஜின் கார்களிலும், சரக்கு வண்டிகளிலும், சில டிராக்டர்களிலும் வந்திருக்கிறது. அதில் அழுத்தம் 1,000 கிலோவையும் தாண்டும். ஓடும்போது அதன் நட்டில் ஸ்பேனர் வைப்பது உயிருக்கே ஆபத்து. கம்ப்யூட்டர் கருவி உள்ள பட்டறையில்தான் காட்ட வேண்டும்.

கிணற்றுக்குள் என்ஜின்

கோடையில் நீர் மட்டம் இறங்கியதும் என்ஜினைக் கிணற்றின் உள் திட்டில் இறக்கி வைத்து ஓட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. சரியாக எரியாத, மிஸ் அடிக்கும் என்ஜினில் அது இன்னும் அதிகம். பெட்ரோல் என்ஜினில் அதைவிடவும் அதிகம். என்ஜின் திணறுகிறதே என்று பார்க்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் மாண்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. என்ஜினைக் கிணற்றுக்குள் ஓட்டவே கூடாது. யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால், பின்னாலேயே இறங்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். 101-க்கோ 112-க்கோ போன் செய்யலாம். மூடிய ஷெட்டிலும் சைலன்சர் குழாய் சுவருக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும்.

பெட்ரோல் என்ஜின்கள்

களை எடுக்கும் பவர் வீடர், பவர் ஸ்பிரேயர், தோளில் தூக்கிச் செல்லும் சிறு பம்பு செட் ஆகியவற்றில் கதை வேறு. இவற்றில் தீப்பொறி உண்டு. மிஸ் அடித்தால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது எண்ணெய்க் கலவை அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. முனைகளின் இடைவெளி பெரும்பாலான என்ஜின்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

வேகமாக ஓடும்போது நன்றாக இருந்து, மெதுவாக ஓடவிட்டால் மட்டும் நின்றுபோனால் கார்புரேட்டரின் சிறிய ஜெட் அடைத்திருக்கும். சீசன் முடிந்ததும் தொட்டியில் பெட்ரோலோடு மூலையில் போட்டு வைப்பதுதான் இதற்குக் காரணம். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய பெட்ரோலில் ரப்பர் வாஷரும் கெடும். எனவே எடுத்து வைக்கும்போது தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் பம்பு செட்டானால், நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலை கயிறு இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் நிலை வந்தால், வெறுமனே "என்ஜின் மிஸ் அடிக்குது, சீக்கிரம் வாங்க அண்ணே" என்று போன் செய்வதால் பயனில்லை. சுமையிலா, சும்மா ஓடும்போதா. புகை என்ன நிறம். காற்று எடுத்துப் பார்த்தாயிற்றா. கையால் சுற்றினால் எதிர்ப்பு இருக்கிறதா. கடைசியாக பில்டர் மாற்றியது எப்போது — இவற்றைச் சொன்னால் அவர் வேண்டிய சாமானோடு வருவார். வண்டிச் செலவும் ஒரு தடவையோடு போகும். ஷெட்டில் ஒரு தகர டப்பாவில் பில்டர் ஒன்று, இன்ஜெக்டரின் செப்பு வாஷர் இரண்டு, குழாய் இணைப்பு வாஷர்கள், நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், ஒரு பீலர் கேஜ், நூல் பிசிறு வராத துணி ஆகியவை எப்போதும் இருக்கட்டும்.